செங்குமிழிப்பட்டிக் கல்லின் கடைசி நான்கு வரிகள்

கோட்டைப்பட்டினம் பக்கீர் முகமதுவின் மகள் ரூமானா, 2020 செப்டம்பரில் ஒரு புதன்கிழமை காலை, தன் கைப்பேசியின் கண்ணாடித் திரையிலிருந்து பதினொரு வரிக் கல்வெட்டு ஒன்றைப் படியெடுத்தாள். அந்தக் கல் அந்நேரம் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில், செங்குமிழிப்பட்டிக் கண்மாயில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. அவள் வீட்டுக்கும் கல்லுக்கும் நடுவே ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். பஸ் திரும்ப ஓட ஆரம்பித்து இரண்டு வாரந்தான் ஆகியிருந்தது. தக்காளி கிலோ முப்பது ரூபாய். அந்தக் கல்லை நேரில் போய்ப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதில் ஏழு வரிதான் தெரியும். பதினொன்று என்று யாரும் சொன்னதில்லை.

வகுப்பை நடத்தியவர் ஞானமணி. வயது நாற்பத்தெட்டு. புதுக்கோட்டையில் ஒரு தனியார் கலைக் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் பதிமூன்று வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். எம்.ஏ. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் தாள் அவருடையது. கந்தர்வக்கோட்டையில் அவர் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் நிழலில், துணி காயப்போடும் கொடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மூன்று கோடு வரும். அங்கிருந்துதான் பாடம். எதிர்ப்பக்கம் பத்தொன்பது பிள்ளைகள். பொன்னமராவதி பக்கத்துப் பையன் அரவிந்த்குமார் தங்கள் ஊர் வாட்டர் டேங்க் ஏணியில் பாதி ஏறி நின்றபடி கேட்பான். ஒருத்தி முந்திரிக்காட்டில் இருப்பாள். ரூமானா கொல்லையில் அம்மிக்குப் பக்கத்தில் இருப்பாள், அங்கேதான் அவளுக்கு நெட். முதல் வகுப்பிலேயே ஞானமணி மூன்று கேள்வியை எழுதிக்கொள்ளச் சொன்னார். இது யார் எழுதினது, எதுக்காக எழுதினது, எதை விட்டுட்டு எழுதினது. ரேஷன் கார்டில் ஆரம்பித்து வீட்டில் இருக்கும் எந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாலும் இந்த மூன்றையும் கேட்கவேண்டும். பிள்ளைகள் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து வைத்துக் கேட்டுப் பார்த்து, பல வீடுகளில் சண்டை வந்தது.

மற்ற வருடங்களில் இந்தப் பாடத்துக்குப் பிள்ளைகளைக் குடுமியான்மலைக்குக் கூட்டிப்போவார். கல்வெட்டுகளைத் தொடாமல் பார்க்கவைத்துவிட்டு, கல்லூரிக்குத் திரும்பி ஓர் உடைந்த கல்லில் மைப்படி எடுக்கப் பழக்குவார். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும்வரை பிரஷால் அடித்து, மேலே மைப்பொட்டணத்தால் ஒற்றி எடுத்தால், கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாக வரும். அந்த வருடம் எங்கும் போக வழியில்லை. அதனால் அவரவர் வீட்டு அம்மியில் அடிக்கச் சொன்னார். மைக்கு விளக்குக் கரி, பிரஷுக்குத் துணி துவைக்கிற பிரஷ். எழுத்து கல்லில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று காட்டுவதற்காக, 2008-இல் தான் எடுத்த செங்குமிழிப்பட்டிக் கல்லின் புகைப்படத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கல்லு மேல பேப்பரை விரிங்க, காத்துப் புகாம ஒட்டுங்க, அடிங்க" என்றார். ரூமானா சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். மேடம் காட்டியது இந்தக் கல். இந்தக் கல் தன் போனில் இருக்கிறது. போனை அம்மியின் மேல் மல்லாக்க வைத்து, ஈரத்தாளை அதன்மேல் விரித்து அடித்தாள்.

அவள் உம்மா ஹவ்வா உம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "அடியே, ஒங்க அண்ணன் தம்மாம்ல இருந்து அனுப்பிச்ச போனுடி! துவைச்சுக் காயப்போடுறியா?"

"மேடம், ரூமானா போனைக் குளிப்பாட்டுறா" என்று அரவிந்த்குமார் ஏணியிலிருந்து சொன்னான்.

"அம்மிய அடிக்கச் சொன்னா போனையாம்மா அடிக்கிறது?"

"நீங்கதானே மேடம் இந்தக் கல்லுன்னு சொன்னீங்க. இந்தக் கல்லைத்தான் அடிச்சேன்" என்று சொல்லி ரூமானா தாளை உரித்துக் கேமராவுக்குக் காட்டினாள்.

கையகலத் தாள்தான். ஆனால் எழுத்து பிசிறில்லாமல் விழுந்திருந்தது. ஞானமணி முதலில் சிரித்தார். பிறகு வரிகளை எண்ணினார். பிறகு எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து மறுபடி எண்ணினார். ஏழு வரி அவருக்கு மனப்பாடம். எட்டாவது வரியிலிருந்து அவர் பார்த்ததில்லை. எத்தனை வரி என்று சொல்லாமல், மற்றவர்களையும் தங்கள் தங்கள் போனில் தாளை ஒட்டி அடிக்கச் சொன்னார். ஒருத்தர் கண்டால் அது சேதி, அதே வழியில் வேறு வேறு ஆட்கள் கண்டால்தான் அது சான்று என்று போன வாரம்தான் நடத்தியிருந்தார். அன்று இரண்டு மணி நேரம் மாவட்டத்தின் பல மூலைகளில் போன் திரைகளை அடிக்கும் சத்தம் கேட்டது. பத்தொன்பது போனிலும் பதினொரு வரி வந்தது. திரை உடைந்திருந்த இரண்டு போன்களில் விரிசலும் சேர்ந்து விழுந்தது. ஒரு போன் மட்டும் தண்ணீர் போய்ச் செத்தது, அதுவும் படியைக் கொடுத்துவிட்டுத்தான் செத்தது.

செங்குமிழிப்பட்டிக் கல் ஞானமணிக்குச் சும்மா ஒரு கல் இல்லை. அவருடைய முனைவர் பட்டமே அதன் மேல் நிற்கிறது. குமிழி என்பது கண்மாய்க்குள் தண்ணீர் திறந்துவிடுவதற்காக நட்டிருக்கும் கல்தூண் ஜோடி. அதில் ஒரு தூணில்தான் எழுத்து. ஏழாவது வரி 'அடைக்கலங்காத்தான்' என்ற பெயரோடு நின்றுவிடும். அவர் என்ன செய்தார் என்று இராது. கல்வெட்டுப் படிக்கிறவர்கள் எழுத்து அழிந்துபோன இடத்தில், தாங்கள் ஊகிக்கும் சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். இது கல்லில் இல்லை, என் ஊகம் என்று அதற்கு அர்த்தம். ஞானமணி அடைப்புக்குறிக்குள் 'செய்வித்தான்' என்று போட்டார். அடைக்கலங்காத்தானின் வழிவந்தவர்கள் என்று ஊரில் சொல்லிக்கொள்ளும் ரத்தினவேல் வீட்டார்தான் அந்த நாட்களில் கல்லைச் சுற்றிச் சேறு அள்ள ஆள்விட்டு, அவருக்கு மூன்று வேளையும் சோறு போட்டார்கள். புத்தகத்தையும் அவர்களே அச்சடித்தார்கள். 2011-இல் ஊர் நுழைவில் வளைவு கட்டி அதில் கல்வெட்டு வாசகத்தைப் பொறித்தபோது, கொத்தனார் அடைப்புக்குறியை விட்டுவிட்டார். அந்த வருடத்திலிருந்து கண்மாய் திறக்கும் நாளில் பரிவட்டம் ரத்தினவேல் தலைக்கு. முதல் தண்ணீர் மேலைமடையில் இருக்கும் அவர் வயலுக்கு. எல்லோருக்கும் பாய்ந்து மிச்சம் இருந்தால் கடைமடைக்கு. அதற்கு முன்னால் முறை வைப்பதில் வருடா வருடம் சண்டை இருந்தது. கல்லே சொல்கிறது என்று ஆனபிறகு சண்டை நின்றது.

இதில் ஞானமணிக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. 2008-இல் தண்ணீருக்குள் நின்று கல்லைத் தடவிப் பார்த்த அன்று, ஏழாவது வரிக்குக் கீழே அவர் விரலுக்கு உளித் தடம் பட்டது. நோட்டில் 'கீழே உளியால் கொத்திய தடம்' என்று எழுதினார். ஆய்வேட்டில் அதை 'கீழ்ப்பகுதி சிதைந்துள்ளது' என்று ஆக்கினார். உளி என்றால் யார் கொத்தியது, எதற்கு என்று கேள்வி வரும். சிதைவு என்றால் மழையும் வெயிலும். அவர்கள் வீட்டில் சாப்பிட்ட வாயால் உளி என்று சொல்ல வரவில்லை.

இப்போது ரூமானாவின் தாளில் அந்த நான்கு வரியும் இருந்தன. அடைக்கலங்காத்தான் 'காவல் நிற்க, இக்குமிழி செய்வித்தாள் கடைமடைச் சாத்தன் நங்கை' என்றது கல். தண்ணீர் கடைமடை தொடங்கி மேலேறிப் பாயவேண்டும் என்றது. கடைசி வரி, இதை மாற்றுகிறவனுக்கு வழக்கமாக எழுதும் சாபம். ஆக அடைக்கலங்காத்தான் காவல்காரர். குமிழியைச் செய்து கொடுத்தது ஒரு பெண், அதுவும் கடைமடைக்காரி. ரூமானா இதையே தன் ஆய்வேட்டுக்குத் தலைப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கேட்ட நேரத்தில் ஞானமணிக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்துதான் போனது. தான் சொல்லிக்கொடுத்த மூன்றாவது கேள்வியை ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டது. "எடும்மா" என்றார். சொன்ன பிறகுதான் தன் அடைப்புக்குறி ஞாபகம் வந்தது.

அந்த மாதங்களில் ரூமானா வேலை செய்ததுபோல் ஞானமணியின் மாணவர்கள் யாரும் அதுவரை செய்ததில்லை. ஒவ்வொரு படியிலும் தேதி, நேரம், போனின் மாடல், தாளின் வகை, அடித்தவர் பெயர் எல்லாம் எழுதினாள். மூலக்கல்லில் இல்லாததைத் திரை காட்டுகிறதா, அழிக்கப்பட்டதை மட்டும் காட்டுகிறதா என்று சோதிக்க, ரப்பரால் அழித்த பென்சில் எழுத்து, வெள்ளையடித்த சுவர், கிழித்து ஒட்டிய கடிதம் என்று முப்பத்திரண்டு பொருளைப் போனில் படம் பிடித்து அடித்துப் பார்த்தாள். அழித்தது மட்டுமே வந்தது, இல்லாதது வரவில்லை. ஒருநாள் அவள் அண்ணன் ரிஃபாய் சவூதியின் தம்மாமிலிருந்து வீடியோவில் பேசும்போது, ஹவ்வா உம்மாள் விளையாட்டுப்போல ஒரு தாளை நனைத்துத் திரையில் ஒட்டி அடித்தார். "என்ன உம்மா, ஒரே இருட்டா இருக்கு, ஒங்க மூஞ்சியே தெரியலை. நான் நல்லா இருக்கேன், பிரியாணி சாப்பிட்டேன்" என்று மகன் அந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருந்தான். படியில் விழுந்த முகத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. பின்னால் ஒரே அறையில் பதினான்கு படுக்கை. அவனுக்கு நான்கு மாதமாக வேலை இல்லை என்பது அப்படித்தான் வீட்டுக்குத் தெரிந்தது. ரூமானா அந்தப் படியையும் முப்பத்து மூன்றாவது சோதனையாக இணைப்பில் சேர்த்தாள்.

சேதி செங்குமிழிப்பட்டிக்குப் போக ஒரு வாரம் ஆனது. முதலில் வந்தவர் கடைமடையில் நிலம் வைத்திருக்கும் நல்லதம்பி. மொபெட்டை மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிட்டு, ரூமானா எடுத்த படியின் ஜெராக்ஸை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறி வந்தார். ஞானமணி வகுப்பை முடிக்கும்வரை துணிக்கொடி ஓரமாகவே நின்றார்.

"டீச்சர், இதுல இருக்கது நெசந்தானுங்களா?"

"ஆராய்ச்சி நடக்குதுங்க. முடியட்டும்."

"ரெண்டு வருசமா எங்க வயலுக்குச் சொட்டுத் தண்ணி வரலை. கேட்டா வளைவைக் காட்டுறாக. நீங்க படிச்சுச் சொன்னதுதான அது? இதையும் படிச்சு, ஆமான்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. நான் அங்கிட்டுக் கொண்டுபோய் நீட்டிக்கிறேன்."

"வாய்மொழித் தேர்வுன்னு ஒண்ணு இருக்குங்க. அதுல கேப்பாங்க, அப்ப நான் சொல்லிருவேன்."

"சொல்லிருவீகள்ல?"

"சொல்லிருவேன்" என்றார் ஞானமணி. நல்லதம்பி ஒரு பை முந்திரிக்கொட்டையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

ரத்தினவேல் வரவில்லை, போன் செய்தார். அவர் அந்தக் கல்லூரியின் ஆட்சிக்குழுவில் இருப்பவர், ஒரு வார்த்தை கடுமையாகப் பேசமாட்டார். "டீச்சரம்மா, நல்லா இருக்கீங்களா? பிள்ளைக போனை வச்சு என்னமோ வெளையாடுதுகளாம். வெளையாடட்டும், சின்ன வயசு. ஒங்க பொஸ்தகத்தைத்தான் நான் வர்றவன் போறவனுக்கெல்லாம் குடுத்துக்கிட்டு இருக்கேன். அதுல தப்புன்னு ஆனா ஒங்க டாக்டர் பட்டத்துக்கே ஒரு மாதிரியா பேசுவாங்களேன்னு எனக்குத்தான் மனசுக்குச் சங்கடமா இருக்கு. ஆங், ஒங்களை நிரந்தரம் பண்ற பேப்பர் இந்தத் தடவை மீட்டிங்குக்கு வருது. நான் பாத்துக்கிறேன்." ஞானமணி சரிங்க, சரிங்க என்று ஐந்து முறை சொன்னார். போனை வைத்த பிறகு, 2008-இன் நோட்டை எடுத்து உளித் தடம் என்று எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்தார். மூடி வைத்தார்.

வாய்மொழித் தேர்வு 2021 ஏப்ரலில், ஆன்லைனில்தான் நடந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒருவர், துறைத்தலைவர், ரூமானா, மற்ற மாணவர்கள். ஆட்சிக்குழு சார்பில் ரத்தினவேலும் உள்ளே இருந்தார். கேமராவை அணைத்து வைத்திருந்ததால் கறுப்புக் கட்டத்தில் 'ர' என்ற எழுத்து மட்டும் தெரிந்தது. தேர்வாளர் கறாரான ஆள், ஆனால் கெட்டவர் இல்லை. ரூமானாவை ஒன்றரை மணி நேரம் குடைந்தார். அவள் எதற்கும் பதில் வைத்திருந்தாள். கடைசியில் அவர், "முறை புதுசா இருக்கு. ஆனா சோதனை எல்லாம் ஒழுங்கா செஞ்சிருக்காங்க. மூலக்கல்லைக் கையால தொட்டுப் பாத்து ஆய்வு பண்ணவங்க இங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. ஞானமணி மேடம், நீங்களே வழிகாட்டி. கீழே எழுத்து இருந்து கொத்தப்பட்ட அடையாளம் கல்லுல இருக்கா? ஆமா, இல்லை, ஒரு வார்த்தை போதும். ஆமான்னா நான் இப்பவே ஏத்துக்கிறேன்" என்றார்.

ஞானமணி உறைந்தார். எட்டு மாதமாக உறைந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து, நெட் நின்றால் ஒரு முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வாய் பாதி திறந்து, ஒரு கை காற்றில் நிற்க, கண் திரைக்குச் சற்றுக் கீழே பார்த்தபடி இருக்கும். அப்படியே இருந்தார், கண் சிமிட்டவில்லை. "மேடம், கேக்குதா?" என்றார் தேர்வாளர். "மேடத்துக்கு நெட் போயிருச்சு போல" என்றார் துறைத்தலைவர். ஞானமணிக்குப் பின்னால் கொடியில் காய்ந்த நீலச் சேலை காற்றில் உப்பி உப்பி ஆடியது. கைப்பிடிச் சுவரில் ஓர் அணில் ஏறி, முந்திரிக்கொட்டை ஒன்றைக் கொறித்துப் பார்த்து வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனது. பத்தொன்பது பேரும் அதைப் பார்த்தார்கள். அரவிந்த்குமார் மட்டும் சாட்டில், 'மேடத்துக்கு மட்டும்தான் நெட் போயிருக்கு. அணிலுக்குப் போகலை' என்று தட்டினான். இப்படி நான்கு நிமிடம். தேர்வாளர் பெருமூச்சு விட்டு, வழிகாட்டி உறுதி செய்யாததால் கடைசி நான்கு வரியை நீக்கி ஆய்வேட்டைத் திரும்பச் சமர்ப்பிக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டார். கறுப்புக் கட்டம் முதலில் வெளியேறியது.

அந்த நான்கு நிமிடத்தில் ரூமானா வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒரு தாளை நனைத்து, திரையில் ஞானமணியின் கட்டத்தின் மேல் ஒட்டி, மெதுவாக அடித்தாள். அந்தப் படியைப் பதிவுத் தபாலில் அவருக்கே அனுப்பினாள். ஞானமணி அதைப் பிரித்தபோது மாடியில் தனியாக இருந்தார். படியில் அவர் வாய் முழுதாகத் திறந்திருந்தது. ஆமா என்று சொல்ல ஒரு வாய் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு. அதை பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தார். மறுநாள் ரூமானாவுக்குப் போன் செய்தார்.

"நாலு வரிய எடுத்துட்டு அனுப்பிரும்மா. பாஸ் போட்டுருவாங்க. வேலைக்குப் போய்ட்டு அப்பறம் நீ எழுது, யாரு கேக்கப்போறா?"

"மேடம், அந்த நாலு வரி கல்லுல இருந்துச்சா, இல்லையா?"

"இப்ப அதுவாம்மா பேச்சு?"

"வேற என்ன மேடம் பேச்சு?"

ரூமானா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை சிக்னல் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். நான்கு வரியை அவள் எடுக்கவில்லை. பட்டமும் வரவில்லை. பக்கீர் முகமது, படிக்கவைத்தது போதும் என்று இரண்டு நாள் கத்தினார், பிறகு பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். இப்போது அங்கே வீடியோ காலில் இருந்து படியெடுத்துக் கொடுக்கிறாள். அடிப்பது ஹவ்வா உம்மாள். சவூதி, துபாயில் ஆள் வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்கிறார்கள். படியை வாங்கிக்கொண்டு சிலர் அங்கேயே பார்ப்பார்கள், சிலர் பார்க்காமல் மடித்துக்கொண்டு போவார்கள்.

ஞானமணிக்கு ஜூன் மாதம் நிரந்தர ஆணை வந்தது. ஜூலையில் ஆராய்ச்சி நெறிமுறை வகுப்பில், அழிந்த எழுத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்த இடத்தில் அவர் மறுபடி உறைந்தார். இந்தத் தடவை அவர் நடிக்கவில்லை. வாய் பாதி திறந்து, கை காற்றில் நின்றது. உள்ளே எல்லாம் கேட்டது, எல்லாம் தெரிந்தது. இமையை அசைக்க முடியவில்லை. சரியாக நான்கு நிமிடம் கழித்து, விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார். அடுத்த வருடம் கல்லூரி திறந்து நேர் வகுப்பு வந்த பிறகும் அது நிற்கவில்லை. உளி, கொத்துதல், நீக்கம் என்ற சொற்கள் பக்கத்தில் வந்தால் போதும். திருச்சியில் ஒரு நரம்பு மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பிள்ளைகள் அந்த நேரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். துறைத்தலைவர் கால அட்டவணையில் அவருடைய வகுப்பை மட்டும் ஐந்து நிமிடம் கூட்டிப் போட்டார்.

அதே 2021 கார்த்திகையில் செங்குமிழிப்பட்டிக் கண்மாய் நிறைந்தது. ரத்தினவேல் பரிவட்டம் கட்டி, சூடம் காட்டி, குமிழியைத் திறந்தார். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, மேலைமடையில் அவர் வயல் வாயைத் தாண்டி, ஒரு பக்கமும் திரும்பாமல் நேரே போய்க் கடைமடையில் நல்லதம்பி வயலில் ஏறியது. அது நிறைந்ததும் அதற்கு மேல் வயல். பிறகு அதற்கு மேல். இப்படியே ஏறி ஏறி, பதினாறாவது நாள் ரத்தினவேல் வயலுக்கு வந்தபோது கண்மாயில் சேறுதான் இருந்தது. பொறியாளர்கள் மட்டம் பார்க்கும் கருவியோடு வந்து இரண்டு நாள் அளந்து, சரிவு சரியாக இருப்பதாகவும் தண்ணீர் மேல்நோக்கிப் போவதாகவும் இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நல்லதம்பி மறுபடி ஒரு பை முந்திரிக்கொட்டை கொண்டுவந்தார். மாடிக்கு ஏறவில்லை, கீழேயே வைத்துவிட்டு, "நீங்க சொல்லாட்டியும் தண்ணி சொல்லிருச்சு டீச்சர்" என்று போனார். ஞானமணிக்கு அதை வீட்டுக்குள் எடுத்துவர இரண்டு நாள் ஆனது.

அடுத்த இரண்டு வருடமும் தண்ணீர் அப்படியே போனது. அதற்குள் கடைமடை நிலத்துக்கு ஆள் வந்தது. கடைமடைக்காரர்களின் பிள்ளைகள் பாதிப்பேர் திருப்பூரில் இருந்தார்கள், விவசாயத்துக்குத் திரும்பப்போவதில்லை. காலமெல்லாம் காய்ந்து கிடந்த பூமிக்கு இப்படி ஒரு விலை வந்ததும் விற்றார்கள். வாங்கியது ரத்தினவேலும் அவர் பங்காளிகளும். கடைசிவரை கொடுக்கமாட்டேன் என்று நின்ற நல்லதம்பிக்கு, சுற்றி நாலு பக்கமும் அவர்கள் வரப்பு ஆனது, வண்டி போக வழி இல்லாமல் போனது. அவரும் கொடுத்தார். கையில் வந்ததைக் கொண்டு மேலைமடையில் மலிவாகக் கிடைத்த நிலத்தை வாங்கினார். அது முன்னே ரத்தினவேலுடையது. இப்போது அங்கேதான் தண்ணீர் கடைசியாக வருகிறது, வருகிற வருடத்தில்.

2025 தை மாதம் ரத்தினவேல், இரண்டு தட்டு ஆப்பிள் ஆரஞ்சோடு ஞானமணி வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை நேரில்.

"டீச்சரம்மா, ஒங்க பொஸ்தகம் ரெண்டாம் பதிப்பு போடுவமா? அந்த நாலு வரியவும் சேத்துப் போட்டுருவோம்."

"எந்த நாலு வரிங்க?"

"அதான், கடைமடைக்கு முதத் தண்ணின்னு வருதுல்ல. நம்ம வீட்டுக்கு வந்த அம்மாதானாம் அந்தச் சாத்தன் நங்கை. பெரியவுக சொல்லுவாக, நாந்தான் சின்னப்பிள்ளையில கவனிக்காம விட்டுட்டேன். நீங்க அன்னைக்கு நெட்டு நின்னு போனதால பதில் சொல்ல முடியாமப் போச்சு. அந்த வெளித் தேர்வாளர்ட்ட நான் பேசிட்டேன். இப்ப ஆமான்னு எழுதிக் குடுத்தா அவரும் முன்னுரை தாராராம்."

ஞானமணி தட்டைப் பார்த்தார். நாலு வருடம் முன்னால் இதே சொல்லுக்கு அவர் பட்டமும் வேலையும் விலை. இன்றைக்கு அது சும்மா கிடைத்தது, பழத்தோடு. எழுதிக் கொடுத்தார். உளித் தடம் என்று எழுதினார், சிதைவு என்று எழுதவில்லை. எழுதும்போது கை உறையவில்லை. அடைப்புக்குறியை அதற்குள் இருந்த சொல்லோடு எடுத்துவிட்டார். கண்டுபிடித்தவர் யார் என்ற இடத்தில் ரூமானாவின் பெயரைப் போட்டிருந்தார். அச்சாகி வந்தபோது அங்கே 'மாணவர் குழு' என்று இருந்தது. ரத்தினவேலைக் கேட்டார். "ஒரு பிள்ளை பேரைப் போட்டா மத்த பதினெட்டுக்கும் மனக்கஷ்டமாகும்ல" என்றார். ஞானமணி சரிங்க என்றார்.

வெளியீட்டு விழா கந்தர்வக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வளைவைப் பிரித்துக் கடைமடைப் பக்கம் மாற்றிக் கட்டியிருந்தார்கள், அதற்கும் அன்றுதான் திறப்பு. நிகழ்ச்சியை நேரலையில் போட்டார்கள். கோட்டைப்பட்டினத்து ஜெராக்ஸ் கடையில் ஹவ்வா உம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "ஒங்க மேடம் பேசுறாகடி. பேப்பரை நனைக்கவா?" என்று கேட்டார். ரூமானா வேறு ஒருத்தி போனில் மை ஒற்றிக்கொண்டிருந்தாள். "வேணாம் உம்மா, வெள்ளிக்கிழமைக் கூட்டம் நிக்கிது" என்றாள்.

மேடையில் ஞானமணி புதுப் புத்தகத்தைத் திறந்து கல்வெட்டை வாசித்தார். ஏழு வரியும் தடங்கலில்லாமல் வந்தது. அடைக்கலங்காத்தான் காவல் நிற்க என்று எட்டாவது வரிக்குள் போனதும், வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டார். மேடை மின்விசிறியில் அவர் சேலைத் தலைப்பு ஆடியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கல்லூரி ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். மண்டபத்தின் கடைசி வரிசையில் நல்லதம்பி இருந்தார். மேலைமடைக்காரர்கள் இப்போது அங்கேதான் உட்காருகிறார்கள். ஞானமணிக்கு அவரை நன்றாகத் தெரிந்தது, கண்ணை வேறு பக்கம் திருப்ப முடியவில்லை. அவரும் திருப்பவில்லை. நேரலை பார்த்தவர்கள் தங்கள் நெட்தான் நின்றுவிட்டது என்று போனை அணைத்துப் போட்டார்கள். ரத்தினவேல் பந்திக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். முந்நூறு பேருக்குக் காபி கொடுக்க நான்கு நிமிடம் சரியாக இருந்தது.